அளக்காமல் விட்ட மழை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துவராமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ நலமாக இருப்பாய் என்று தினமும் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய். போன தடவை நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள், வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்காதம்மா, ரிட்டயர் ஆக இன்னும் ஏழு மாசம்தானே, வாயை மூடிக்கிட்டு ஓட்டிடேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ பயந்ததைத்தான் நான் செய்திருக்கிறேன், சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போனில் வேண்டாம் என்று சொன்ன மூன்றாம் நாளே வேலைநிறுத்தத்தில் சேர்ந்தேன், பதினோரு நாள் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள், ஆசிரியர்கள், குடிநீர்க்காரர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள் என்று அரசாங்கச் சம்பளம் வாங்குகிற எல்லாரும் சேர்ந்து நடத்தியது. எங்கள் வானிலை நிலையத்தில் இருப்பதே இரண்டு பேர், காலைப் பதிவுக்கு நான், மாலைப் பதிவுக்குப் பனிமூட்டம். அவனை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவன். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள், எப்போது பார்த்தாலும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும், பெயர் அப்படி வந்ததுதான். அவன் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். ஒரே பதிவேட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுகிறோம், ஒரே மழைமானியைக் குனிந்து பார்க்கிறோம், வயதான காலத்தில் எனக்கு மாதாமாதம் வரும், அவனுக்கு வராது. வீட்டு வாடகை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஏறியதில் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு நடந்து வருகிறான். நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம், அப்பா காலையில் தின்கிற இரண்டு முட்டையை ஒன்றாக்கிவிட்டு டாக்டர் சொன்னார் என்கிறார், எந்த டாக்டர் என்று கேட்டால் ரேடியோவில் வந்தவர் என்கிறார். எல்லாருக்கும் பழையபடி பென்ஷன் வேண்டும், விலைவாசிக்குத் தக்க சம்பளம் வேண்டும், இவ்வளவுதான் கேட்டோம். சேர்ந்தால் பணி முறிவு, முன்னால் வேலை செய்த வருஷம் எதுவும் பென்ஷனுக்குச் சேராது என்று சுற்றறிக்கை ஒட்டினார்கள். எனக்கு முப்பத்திரண்டு வருஷம். பனிமூட்டம் அதைப் படித்துவிட்டு, எனக்குத்தான் பென்ஷனே இல்லையேக்கா, எங்கிட்ட எதை வெட்டுவாங்க, நீங்க உள்ளயே இருங்க என்றான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னான். குத்திக்காட்டியிருந்தால் உள்ளேயே இருந்திருப்பேனோ என்னவோ, அந்த அக்கறையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பதினோரு நாளும் நான் தூக்கத்தில் நடந்த மாதிரிதான் இருக்கிறது இப்போது நினைத்தால். முதல் நாள் ஐந்தரைக்கே விழிப்பு வந்து கை தானாகப் பென்சிலைத் தேடியது. வேலையில்லையே என்று சன்னல் ஓரம் உட்கார்ந்தேன். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து அதில் எத்தனை பங்கு மேகம் என்று எழுதியே பழகியவள் நான், அன்று பிரிக்காமல் சும்மா பார்த்தேன், அது பாட்டுக்குப் பெரிதாகிக்கொண்டே போனது. அப்பா வந்து தேநீர் கேட்டது கூட எங்கிருந்தோ கேட்டது. பஸ் ஓடாததால் ரோட்டின் நட்டநடுவில் நடந்தோம், ஊரில் இவ்வளவு குருவிச் சத்தம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. தலைமை அலுவலகத் தெருவில் காலையிலிருந்து மாலை வரை தரையில் உட்கார்ந்திருப்போம். பக்கத்தில் ஒரு நர்ஸ், இரவு வேலை பார்த்தே பழகியவள் போலிருக்கிறது, பகலில் யார் பேசினாலும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். அவள் தலை ஏறி இறங்கும்போது எனக்கும் கண் சொருகும். நான் யார் என்று தெரிந்துகொண்டு இரண்டாம் நாள் ஒரு பஸ்காரர், மழை வருமாம்மா என்று கேட்டார். நான் ஸ்டிரைக்ல இருக்கேன், சொல்ல மாட்டேன் என்றேன். அரை மணி நேரத்தில் எல்லாரும் நனைந்துபோய், இதுக்கு மட்டுமாவது விதிவிலக்கு குடுத்திருக்கலாமேம்மா என்று சிரித்தார்கள். அந்த நாட்களில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. வட்டார அதிகாரி வந்து, மேடம், ஓய்வு பெறுறதுக்கு முன்னாடி வானத்தை மடிச்சு ஒப்படைச்சிட்டுக் கையெழுத்து வாங்கிக்கோங்க என்கிறார். நான் ஒரு முனையையும் பனிமூட்டம் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டு போர்வை மடிக்கிற மாதிரி மடிக்கிறோம், முனையோடு முனை சேரவே மாட்டேன் என்கிறது. எனக்கு அதில் வருத்தமே இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கலாமே என்றுதான் இருக்கும்.

ஆறாம் நாள்தான் பெரிய மழை. காலையில் நானும் பனிமூட்டமும் கூட்டத்துக்குப் போகிற வழியில் நிலையத்தின் வேலியைத் தாண்டும்போது பிடித்துக்கொண்டது. சரியாக எட்டு மணி, நான் மழைமானியைத் திறக்கிற நேரம். வெள்ளை மரக்கூண்டு, பக்கத்தில் வெயிலைப் பிடித்து அட்டையில் சுட்டு எழுதுகிற கண்ணாடி உருண்டை, புல்லுக்குள் மழைமானியின் பித்தளை விளிம்பு, எல்லாம் இருபதடி தூரத்தில் நனைகின்றன. வாசல் சாவி என் பையில் இருந்தது, நான் எடுத்தது எனக்கே தெரியவில்லை, கையில் இருந்தது. பார்க்காதீங்கக்கா, பார்த்தா அளக்கணும்னு தோணும் என்று பனிமூட்டம் என் முழங்கையைத் தொட்டான். குடையை மடக்கிவிட்டேன். நனைந்த பிறகு முக்காடு எதற்கு. முப்பத்திரண்டு வருஷமாக எனக்கு மழை என்றால் ஒரு எண், அன்றைக்குத்தான் அது என் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. நீ கைக்குழந்தையாக இருக்கும்போது நனைந்து சிரித்தாயே, அன்றைக்கும் நான் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உன்னை உள்ளே தூக்கிப் போங்கள் என்று அப்பாவை அதட்டினேன், ஞாபகம் வந்தது. அழுதேன் என்று நினைக்கிறேன், அந்த மழையில் எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பதினோராம் நாள் சாயங்காலம் முடிந்தது. சம்பளத்தில் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார்கள், பென்ஷனுக்கு ஒரு குழு போட்டார்கள், குழு என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பணி முறிவு யார் யாருக்கு என்பதை அந்தந்த அலுவலகம் பார்த்து முடிவு செய்யும் என்றார்கள். மழை விட்டும் தூவானம் விடவில்லை. மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே போனோம். தினமும் மாற்ற வேண்டிய வெயில் அட்டையை யாரும் மாற்றாததால் அத்தனை நாள் வெயிலும் ஒரே அட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக எரிந்து, நடுவில் கருகிப் பிளந்து கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மழைமானியில் எல்லா நாள் தண்ணீரும் சேர்ந்து இருந்தது, ஆறு தடவை குவளையில் ஊற்றி அளந்தோம், மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று மில்லிமீட்டர். பனிமூட்டம் உடனே பதிவேட்டைத் திறந்து தன் கட்டம் பதினொன்றிலும் கோடு போட்டு, குறிப்பில் வேலைநிறுத்தம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். நான் பேனாவைத் தேடுவதற்குள் வட்டார அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை, அவருடைய பையனும் உன்னைப் போல எங்கோ தூரத்தில்தான் இருக்கிறான். பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, மேடம், உங்க கட்டம் இன்னும் காலியாத்தானே இருக்கு, மொத்த மழை கையில இருக்கு, என்னைக்கு எவ்வளவு பெய்ஞ்சதுன்னு உங்களுக்கே தெரியும், பிரிச்சு எழுதிடுங்க, காலைப் பதிவு இருந்தா நீங்க வேலைக்கு வந்ததாத்தான் அர்த்தம், மீதியை நான் பாத்துக்கறேன் என்றார். சொல்லிவிட்டு, நான் யோசிக்கட்டும் என்று வெளியே போய் ஜீப்பைத் துடைக்கிற மாதிரி நின்றார்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் கண்ணு, பேனாவைத் திறந்துவிட்டேன். எனக்கு அது கஷ்டமே இல்லை. இரண்டாம் நாள் ஏழு, ஆறாம் நாள் நாற்பத்தெட்டு என்று தோலே சொல்லும், எல்லாம் கூட்டினால் நூற்று நாற்பத்து மூன்று வந்துவிடும், ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. நீ சொன்ன ஏழு மாதம் கண் முன்னால் வந்து நின்றது. பனிமூட்டம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எழுதிக்கோங்கக்கா, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன் என்றான், என் முகத்தைப் பார்க்காமல். நிஜமாகவே நினைத்திருக்க மாட்டான். ஆனால் நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பதிவேடு இருக்கும். எவரோ ஒருவர் திறந்து பார்த்தால், இந்தக் கட்டத்தில் கோடு, பக்கத்துக் கட்டத்தில் எண். அவன் வெளியே நின்றான், இவள் உள்ளே வேலை பார்த்தாள் என்றுதான் தெரியும். பதினோரு நாளும் அவன் பக்கத்தில் நனைந்த நான், அவனுக்கு எதிராக வேலைக்குப் போனவளாக அதில் இருப்பேன். அவன் கோட்டுக்கு நேராக என் கோட்டைப் போட்டேன், ஒவ்வொரு கட்டமாக. பன்னிரண்டாம் நாள் கட்டத்தில் மொத்தத்தை எழுதி, பதினோரு நாளும் சேர்த்து என்று குறிப்பு எழுதினேன். அதிகாரி வந்து பார்த்தார், கோபப்படவில்லை, கொஞ்சம் யோசிச்சிருக்கலாம் மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவிடம் சொன்னதும் ரொம்ப நேரம் முழங்காலையே தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஊர் மழையெல்லாம் அளந்தவ வீட்டுல ஒழுகுறத மட்டும் பார்க்காம விட்டுட்டா என்றார். அப்புறம் அவரே, சரி விடு, இருக்கறதை வெச்சுப் பாத்துக்கலாம் என்றார். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. வயதான காலத்தில் உன் கையை எதிர்பார்க்கக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் ஓடினேன், நீயே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாய், உன் வேலையில் பென்ஷன் என்ற பேச்சே கிடையாது. உன்னைக் கேட்காமல் உன்மேல் ஒரு சுமையை வைத்துவிட்டேனோ என்ற நினைப்பு மட்டும்தான் என்னைத் தூங்க விடவில்லை. அதற்காக நீ என்னைத் திட்டலாம், வாங்கிக்கொள்கிறேன்.

நின்றுகொண்டே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிட நேரம் தராத வேலை எந்த வேலை என்று கேள். ஈரத் தலையோடு குளிரில் போகாதே. கூட வேலை செய்கிறவர்களோடு சண்டை வந்தால் அன்றைக்கே பேசி முடித்துவிடு. எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் சுகமாக, நல்லவர்கள் பக்கத்தில் நீ நீண்ட நாள் வாழ வேண்டும், அதைத்தான் இரண்டு பேரும் வேண்டிக்கொள்கிறோம்.

இன்னொன்று. மத்தியானம் தலைமை அலுவலகத்திலிருந்து என் பெயருக்கு ஒரு உறை வந்திருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் இருக்கிறதா போய்விட்டதா என்று அதில்தான் இருக்கும். அப்பா இரண்டு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். நான் இன்னும் பிரிக்கவில்லை, இதை எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் பிரிக்கப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னாலேயே போனில் உனக்கு முடிவு தெரிந்துவிடும். அப்போது நான் அழுதிருந்தாலும், தப்புப் பண்ணிவிட்டேன் என்றே சொல்லியிருந்தாலும், அதை நம்பாதே. இதை நம்பு.

உன் மேல் உயிராய் இருக்கும்,
அம்மா