முன்னுக்கு வைத்த மௌத்து

ராத்தா, இன்று அலுமாரியைத் திறந்ததும் கராம்பு மணத்தது. பூச்சி அரிக்காமலிருக்க நீங்கள் புத்தகங்களுக்குள் போட்டுவைக்கும் கராம்பு. நீங்கள் மௌத்தான பிறகு உங்கள் மருமகள் கொண்டுவந்து தந்த நாவலிலிருந்துதான் அந்த மணம். நீங்கள் போய் ஒரு நோன்பும் கழிந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் இருந்தீர்கள். ஆனாலும் உங்களை எங்கிருந்து நினைக்கத் தொடங்கினாலும் உங்களைக் கிடத்திய சந்தூக்கை அடக்கத்துக்குத் தூக்கிப்போன அந்தப் பகலில்தான் வந்து முடிகிறது. களைத்துப்போனேன். உங்கள் கபுறுக்காகத் துஆக் கேட்டுவிட்டு, மற்ற நினைப்பையெல்லாம் விட்டுவிடத்தான் பார்க்கிறேன்.

சீனி வருத்தத்தில் உங்களுக்குக் கண் மங்கிய பிறகு, அஸர் தொழுதுவிட்டு வந்து நான் வாசித்துக் காட்டுவேன். நான் பள்ளிக்கூடம் அதிகம் காணாதவள். எழுத்துக்கூட்டியே வாசிக்கப் பழகியவள். கண் தெளிவாயிருந்த காலத்தில் நீங்கள் பலமுறை வாசித்த அந்த நாவலைக் கண்டதும் எனக்கு எரிச்சல். முதல் பக்கத்திலேயே ஒரு பொடியனின் ஜனாஸாவை அடக்குகிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் அவன் பட்டம் விடுகிறான். அதற்கடுத்ததில் தொட்டிலில் கிடக்கிறான். வீட்டுக் கணக்கை நேராக்காமல் படுக்காதவள் நான், விடுவேனா? பென்சிலால் இலக்கமிட்டு, தொட்டிலிலிருந்து வரிசையாக வாசித்தேன்.

இரண்டு மூன்று நாள் கேட்டீர்கள். பிறகு, "என்ன புள்ள, இந்தப் பொடியன் இன்னும் மௌத்தாகல்லியா?" என்றீர்கள்.

"அது கடைசியிலதான் ராத்தா. நான் ஒழுங்காக்கிப் போட்டன்."

"நாசமாப் போச்சு! எழுதின மனிசனுக்குத் தெரியாத ஒழுங்கு இவவுக்குத் தெரிஞ்சிட்டு." சிரித்ததில் உங்களுக்கு இருமலே வந்துவிட்டது.

இருமல் அடங்கியதும் மெல்லச் சொன்னீர்கள்: "என்ட மூத்தவன ஒரு காலையில கடல் கொண்டுபோன. அது அல்லாஹ்ட நாட்டம், மாத்தேலாது. ஒழுங்கான கதையெல்லாம் என்னை அந்தக் காலையிலதான் கொண்டுபோய் விடுது. இதுல மௌத்த முன்னுக்கே வச்சிட்டாங்க. மறுகா பக்கமெல்லாம் அவன் சிரிச்சிக்கிட்டே இரிக்கான். அதுக்குத்தான் புள்ள, கோணல் கதையாத் தேடுற. எழுதின ஆளுக்கும் ஆரோ ஒராள் இல்லாமப் போயிரிக்கும்."

அன்றைக்கே என் இலக்கங்களையெல்லாம் அழித்தேன். பென்சில் தடம் மட்டும் இன்னும் கிடக்கிறது.

இந்த மடலிலும் உங்கள் மௌத்தை மேலேயே எழுதிவிட்டேன், ராத்தா. சந்தூக்கு அங்கேயே இருக்கட்டும். இங்கே அஸர் முடிந்திருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன். நீங்கள் உள்ளேயிருந்து கூப்பிடுகிறீர்கள்:

"கெதியா வா புள்ள, தேத்தண்ணி ஆறுது. சீனி போட்டது மருமகளுக்குத் தெரியாது, வாயத் திறந்திராத."