நாற்பத்தைந்தாவது வரி

என் சாமி பிரபு,

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நீ அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பினாய். நீ இறந்து ஏழு மாதமாகிறது.

சேலத்தில் நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா போனில் அழவில்லை. "கண்ணு, தம்பி மெசேஜ் போட்டிருக்கான். வண்டி கெளம்பிருச்சாம், மாத்திரை போட்டீங்களான்னு கேக்கறான். நீ கொஞ்சம் வந்து பாரு" என்றாள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நம் ஊருக்கு, திருச்செங்கோடு பஸ் ஏறினேன்.

போர்வெல் போடும் ரிக் லாரியோடு நீ வடக்கே போனால் பாதி நாள் சிக்னல் இருக்காது. அம்மாவுக்கோ நீ கேட்டால்தான் மாத்திரை இறங்கும். அதனால்தான் வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில், அம்மாவின் போனுக்கு உன் பெயரில் தானாக மெசேஜ் அனுப்பும் ஒரு ப்ரோகிராமை எழுதி வைத்துவிட்டுப் போனாய். நாற்பத்தைந்து நாள் பயணம், நாற்பத்தைந்து வரி, தினமும் காலையில் ஒன்று. பன்னிரண்டாம் நாள் லாரி கவிழ்ந்தது. மீதி வரிகள் அதன்பிறகும் வந்துகொண்டே இருந்தன. "மெஷின் அனுப்புதுங்மா" என்றோம். அம்மா தலையாட்டினாள். கடைசி வரி வந்ததும் நின்றுவிட்டது. அந்த லேப்டாப்பை அணைக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

அப்படியிருக்க, இப்போது எப்படி?

உன் அறையில் உட்கார்ந்து அந்த ப்ரோகிராமைத் திறந்தேன். ஜெனரேட்டர் ஃபங்ஷன் என்கிற வகைக் கட்டளைத் தொகுப்பு. எட்டு வருடமாக ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ப்ரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்குகிற நான் அதைத் தொட்டதே இல்லை. ரிக் கேபினில் உட்கார்ந்து போனில் படித்த நீ எழுதியிருக்கிறாய்.

சாதாரண ஃபங்ஷன் கூப்பிட்டதும் கடைசிவரை ஓடி முடிந்துவிடும். உன்னுடையது கூப்பிட்டாலும் ஓடாது. இட்டரேட்டர் என்ற ஒரு பிடியைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். ‘நெக்ஸ்ட்’ என்று கேட்டால்தான் ‘யீல்ட்’ என்று குறித்த அடுத்த நிறுத்தம் வரை வந்து, ஒரு வரியைக் கொடுத்துவிட்டு அதே இடத்தில் நிற்கும். மறுநாள் கேட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எல்லாம் தீர்ந்தபின் எத்தனை முறை கேட்டாலும் ‘முடிந்தது’ என்பதைத் தவிர வேறு பதில் வராது.

ஆனால் நின்ற இடம் மெஷினின் நினைவில் மட்டும்தான் இருக்கும். திங்கட்கிழமை ஊரில் வெகுநேரம் கரண்ட் இல்லை. பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் நீ செட் செய்து வைத்தபடி தானே எழுந்து, ஃபங்ஷனைப் புதிதாகக் கூப்பிட்டிருக்கிறது. முதல் வரியிலிருந்து.

அந்த ஃபங்ஷனுக்கு மேலே நீ ஒரு குறிப்பு வைத்திருந்தாய்: "கரண்ட் போனா மறுபடி மொதல்ல இருந்து வருமே? அக்காகிட்ட கேக்கோணும்."

கேட்டாய். கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்து, "அக்கா, ஜெனரேட்டர்ல ஒரு சந்தேகமுங்க்கா" என்றாய். மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றேன். அந்த அப்புறம் எங்கே போயிற்று, சாமி?

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். "அவன் புதுசா எழுதலீங்மா. பழசுதான் திரும்ப வருது. நிறுத்தட்டுங்களா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதா கண்ணு? வரட்டும், இருக்கட்டும்" என்றாள். திரும்பிப் போகப் பார்த்தவள் உள்ளே வந்து, "அந்தக் கடைசி ஒண்ணை மட்டும் எடுத்துரு" என்றாள்.

நாற்பத்தைந்தாவது வரியைப் பார்த்தேன். "அம்மா, நாளைக்கு ஊட்டுக்கு வாரேன். கோழி அடிச்சு வைங்க."

"போன தடவ அது வந்ததுக்கு மறுநா ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தனே. வரமாட்டான்னு தெரியும். தெரிஞ்சும் அடுப்புல குழம்பு வெச்சேன் கண்ணு. இன்னொருக்கா அப்படி உக்கார முடியாது."

அழித்தேன். நீ டைப் செய்த எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு விசையை அழுத்தினேன். பிறகு, வரியின் எண்ணைத் தினமும் ஒரு ஃபைலில் எழுதி வைக்கவும், மெஷின் எழுந்தால் அந்த எண்வரை தள்ளிவிட்டுத் தொடங்கவும் ப்ரோகிராமில் நாலு வரி கட்டளை சேர்த்தேன். அவ்வளவுதான் பிரபு உன் கேள்விக்குப் பதில். போனிலேயே சொல்லியிருக்கலாம்.

இன்று ஏழாவது வரி வந்தது. நாற்பத்துநான்கு முடிகிற அன்றைக்கு நான் நம் வீட்டில் இருப்பேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் சும்மா இருக்கும்போது, மாத்திரை போட்டீங்களா என்று அம்மாவிடம் நான் கேட்பேன். அதற்கடுத்த நாளும் கேட்பேன்.

உனக்குப் பதில் சொல்லப் பிந்திவிட்ட
உன் அக்கா, செல்வி