ரொட்டி வண்டிக்கு ஒரு ரசீது

மார்ச் 3, திங்கள்
வண்டி இன்றும் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி இருமிவிட்டுத்தான் கிளம்பியது. பெடலை இரண்டு மிதி, சாவியில் ஒரு திருகு, டாஷ்போர்டில் ஒரு தட்டு. "கொஞ்சினாத்தான் கெளம்புவாளா உங்க மூத்த சம்சாரம்?" என்றேன். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. கொக்கு என்றுதான் அவரைக் கூப்பிடுவேன், அவ்வளவு உயரம். சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியும் முட்டி இடிக்கும். நான் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் ஆடும்.

மார்ச் 4, செவ்வாய்
ராணுவத்துக்கு வண்டி பிடிக்கிறார்களாம். ரொட்டி வண்டி எதற்கு, பீரங்கிக்கு வெண்ணெய் தடவவா?

மார்ச் 7, வெள்ளி
பிடித்துவிட்டார்கள். வந்த சிப்பாய் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். கிளம்பவில்லை. வேண்டாமென்று விட்டுவிட்டுப் போயிருப்பான். என் வாய் சும்மா இருந்ததா? "அது எங்க வீட்டுக்காரர் பேச்ச மட்டுந்தான் கேக்கும் தம்பி. வேணும்னா ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கூட வந்த அதிகாரி அவரைப் பார்த்து, "அப்ப நீங்களும் ஏறுங்க" என்றார்.

ரசீது கொடுத்தார்கள். வண்டி ஒன்று, மாற்று டயர் ஒன்று, ஜாக்கி ஒன்று.

"எங்க வீட்டுக்காரர எழுதலையே சார்?"

"ஆளுக்கெல்லாம் ரசீது கிடையாதும்மா. ஓட்டக் காட்டிக்குடுத்துட்டு ரெண்டு நாள்ல வந்துடுவாரு."

அவர் சட்டையெல்லாம் மாவு. "அடுப்பப் பாத்துக்க. வாயையும்தான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மார்ச் 9, ஞாயிறு
இரண்டு நாள் ஆச்சு.

மார்ச் 19, புதன்
ராணுவ ஆபீசுக்குப் போய் ரசீதைக் காட்டினேன். "வண்டி பத்திரமா இருக்கும்மா, கவலப்படாதீங்க." அவர்? "ஆள் யாரையும் எடுக்கலையே. எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

எங்கே காட்ட? ஏன்டி வாயத் தொறந்த — ஏன்டி?

ஏப்ரல் 2, புதன்
மாவு பிசைகிறவள், "யாரையும் கேலி பண்ண மாட்டேங்கறியேக்கா, நல்லாவே இல்ல" என்றாள்.

ஏப்ரல் 11, வெள்ளி
தெருமுனையில் அந்த இருமல். மாவுக் கையோடு ஓடினேன். இறங்கியது ஒரு குட்டைச் சிப்பாய்.

"டாஷ்போர்டுல தட்டினாத்தான் கெளம்பும்னு யாரு சொல்லிக்குடுத்தா தம்பி?"

"எனக்கு முன்னாடி ஓட்டினவன்க்கா. அவனுக்கு யாரோ."

ரசீதை வாங்கி விரல் வைத்துப் படித்தான். வண்டி. டயர். ஜாக்கி. "எல்லாம் சரியா இருக்குல்லக்கா? கையெழுத்துப் போடுங்க."

அதில் இருந்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. போட்டேன்.

அவன் போனதும் ஏறி உட்கார்ந்தேன். சீட்டு முன்னால் தள்ளியிருந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்குக் கால் பெடலுக்கு எட்டியது.