மஞ்சள் காமாலை இல்லை

அன்புள்ள அக்கா,

அடுத்தவர் சொல்லி உன் காதுக்கு எட்டும் முன் நானே எழுதிவிடுகிறேன். நான் நாலு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தது மஞ்சள் காமாலைக்காக இல்லை என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டேன். உன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்று தெரியும்.

செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தையல் மெஷின் பெண்ணுக்குத் திடீரென்று மூச்சு வாங்கியது. உடம்பு நடுங்கி, துணியைப் பிடித்தபடி உறைந்துபோனாள். சூப்பர்வைசர், “நல்லா நடிக்கிற. நாளையிலேர்ந்து வர வேண்டாம்” என்றார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை.

“நடிக்கல சார். எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. மனநல வார்டுல இருந்திருக்கேன்.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேலாளர் வந்து, “அப்ப என்ன பண்ணணும்னு நீங்களே எழுதிக் குடுங்க” என்றார். கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் உட்கார ஓர் அறை வேண்டும், யாரும் காரணம் கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பெண் வேலையில் இருக்கிறாள். ஆனால் அன்றிலிருந்து என் கையில் யாரும் கத்தரிக்கோல் கொடுப்பதில்லை, அக்கா. அவர்களே நூலை வெட்டித் தருகிறார்கள்.

நாளை காலை மேலாளர் கூப்பிட்டிருக்கிறார். எதற்கென்று சொல்லவில்லை.

இன்று வேலை விட்டதும் சூப்பர்வைசர் வாசலில் தனியாக நின்றார். பயந்து ஒதுங்கினேன். “என் வீட்டுக்காரி ரெண்டு மாசமா படுக்கைய விட்டு எழுந்திருக்கல. நீங்க பாத்த டாக்டர் யாரு?” என்று மெல்லக் கேட்டார். டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

நாளை என்ன ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் தங்கை