கதவுக்கு வெளியே ஒரு குரல்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமா என்று போனிலேயே கேட்டிருப்பேன். என் குரல் கேட்டாலே நம் மகள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறாள் என்று நீ சொன்ன பிறகு எப்படிக் கூப்பிடுவது? உனக்கு மாற்றல் வந்து அங்கே போனதிலிருந்து எனக்கு மகள் என்பது அந்தப் போன் ஒன்றுதான். இப்போது அதுவும் இல்லை.

முதலில் உன் தம்பியைச் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கொலைகாரன் துரத்தும் படத்துக்கு எந்தப் புத்திசாலி கூட்டிப்போவான்? கேட்டால், "அம்மா பொண்ணு கதைன்னு போட்டிருந்தாங்க மாமா, பாசப்படம்னு நினைச்சேன்" என்கிறான். கல்யாணத்தன்று என் செருப்பைத் தொலைத்தவன்தானே!

டைரக்டர் மேல் அதைவிட ஆத்திரம். அந்தப் படத்தில் வில்லனாக நடித்தவருக்கு நம் மொழியில் ஒரு சொல் தெரியாது. வாயை மட்டும் அசைத்தார், பேசியது நான். இன்று மேடையும் மாலையும் அவருக்கு. என் பெயர், ஜனங்கள் எழுந்து நடக்கும்போது திரையில் ஓடுகிறது. இலக்கியம் படித்தவன் அடுத்தவன் வாய்க்கு டப்பிங் பேசிப் பிழைக்கிறேன் என்று உன் அப்பா சொல்லிக்காட்டுவாரே, அவர் சந்தோஷப்படட்டும்.

நீ படம் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். அம்மா குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடக்கிறாள். கதவுக்கு வெளியே அவன். "பாப்பா, கதவைத் திற" என்பதுதான் வசனம். மிரட்டலாகப் பேசினேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து டைரக்டர், "பயமே வரலை சார். வீட்டுல உங்க பொண்ணை எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டேன். "பூனைக்குட்டி, யாரு வந்திருக்கான்னு பாரேன்." ஒரே டேக்கில் ஓகே. எல்லோரும் கை தட்டினார்கள்.

வேலை முடிந்து வந்து நம் வாசலில் தினமும் நான் சொன்னது அது. அதைக் கேட்டுத்தான் அவள் ஓடிவந்து, எக்கி நின்று தாழ்ப்பாளைத் திறப்பாள்.

"அந்த ஆளு அப்பாவை முழுங்கிட்டானா?" என்று உன்னிடம் கேட்டாளாமே. நீ என்ன சொன்னாய்? அதைச் சொல்லாமல், "இப்ப வேணாங்க, கொஞ்ச நாள் போகட்டும்" என்று போனை வைத்துவிட்டாய். அந்தப் படத்து அம்மா மாதிரியே கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறாய். யாரிடமிருந்து காப்பாற்றுகிறாய்? உள்ளே இருப்பவள் எனக்கும் மகள்தான். சொன்ன வேலையைச் செய்தேன், அவ்வளவுதானே?

அடுத்த வாரம் வருகிறேன். பெல் அடிக்க மாட்டேன், வாய் திறக்க மாட்டேன். ஜன்னலுக்கு எதிரே நிற்பேன். என் முகத்தை அவள் வேண்டுமட்டும் பார்க்கட்டும். அதற்கு முன் கீழே இருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டு. என்னைப் போல் பேசிக் காட்டாதே. உன் குரலிலேயே படி.

இருவரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் கணவன்

கண்ணு, கதவைத் திறக்க வேண்டாம். அப்பா வெளியவே நிக்கிறேன்.