தலைத்துண்டில் ஒரு பிடி அரிசி

கெமாஸ்
12.8.1952

முத்தாயிக்கு வீரமுத்து எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு சுகமா என்று கேட்க மனம் வரவில்லை.

இங்கே வந்த நம் எஸ்டேட் கங்காணி, மாயாண்டி மண்டோர், எல்லாம் சொன்னான். எஸ்டேட் கேட்டைத் தாண்டி அரிசி போனால், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு என்றுதான் போலீசு பிடிக்கும். இது உன் மகளுக்குத் தெரியாதா? தலைத்துண்டில் ஒரு பிடி முடிந்துகொண்டு போனாளாமே! கூட்டாளிப் பெண்கள், "தைரியம் இருக்காடி?" என்று கேட்டார்களாம்! போலீசு எச்சரித்து அனுப்பியதோடு விட்டது அவள் நல்ல நேரம். இங்கே நான் வேலை பார்க்கும் ரயில்வேயிலும் என்னை நிற்கவைத்து விசாரித்தார்கள். மானம் போயிற்று.

பதினாலு வயதுக் கழுதைக்கு மூளையே கிடையாது. அந்தச் சனியனை வீட்டில் வைத்திருக்காதே. மாயாண்டி பெண்டாட்டியை இழந்தவன், கட்டிக்கொள்கிறேன் என்கிறான். தையில் முடித்துவிடுவேன்.

வீரமுத்து


கோலா கிளாவாங்
20.8.1952

மகள் பஞ்சாலையின் அப்பாவுக்கு முத்தாயி சொல்லி எழுதுவது. மழை விட்டது, ரப்பர் பால்வெட்டு நடக்கிறது. சின்னவனுக்குக் காய்ச்சல் தேவலை.

எனக்கு வயிறு எரிகிறது. நான் மட்டும் அவளைச் சும்மா விட்டேனா? விளக்குமாறு பிய்ந்துபோயிற்று. ஏன்டி செய்தாய் என்றால், "தெரியலைமா, எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க லா, செஞ்சிட்டேன்" என்கிறாள். அது பொய்யில்லை. தனியாக இருந்தால் தம்பியைக் குளிப்பாட்டுவாள், என் நிரை மரங்களுக்கு வந்து பால் எடுப்பாள். நாலு பேர் பார்த்தால் அந்தப் புத்தி எங்கோ ஓடிவிடுகிறது. அந்த வயது மூளைக்குக் கை முந்தி, யோசனை பிந்தி.

உங்களுக்குத் தெரியாததா? பதினாறு வயதில் கூட்டாளிகள் கைதட்ட, ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷினில் கையை விட்டீர்களே. அந்த இரண்டு விரலும் எங்கே? அதற்காக உங்களை எந்தக் கிழவிக்காவது கட்டிவைத்தார்களா?

எனக்கு எழுத்துத் தெரியாது. இந்த வீட்டில் கடிதம் படிப்பதும் எழுதுவதும் பஞ்சாலைதான் என்பதுகூடவா மறந்துபோயிற்று? கழுதை, சனியன், மாயாண்டி எல்லாம் அவள் வாயாலேயே படித்தாள். அந்த வரிகளை விட்டுப் படித்திருந்தால் எனக்கெப்படித் தெரியும்? ஒரு வரியும் விடவில்லை. குரல்தான் இறங்கிக்கொண்டே போயிற்று.

கல்யாணம் கிடையாது. மாயாண்டியோடு வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். இனி நீங்கள் எழுதுவதையும் அவள்தான் படிப்பாள். அதை நினைத்து எழுத முடிந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

முத்தாயி கைநாட்டு

அப்பா, அம்மா கடைசியா உங்களை ஒரு வார்த்தை சொன்னாங்க. அதை மட்டும் நான் எழுதலை.

பஞ்சாலை