தறிச் சத்தத்துக்குள் நீ பேசியது

தம்பி,

இன்று பகல் பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. தெருவில் இருக்கும் அத்தனை விசைத்தறிகளும் ஒரே நொடியில் நின்றன. நம் ஊரில் அந்தச் சத்தம் இல்லாமல் போனால், வீட்டுச் சுவர்கள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்ட மாதிரி இருக்கும். கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே, அணைந்துபோன டிவியின் கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

நான் பேசவில்லை. பேசியதாக எனக்குத் தெரியாது.

உன் உதடுகள் நினைவுக்கு வந்தன. தறிக்கூடத்தில் யாரும் கத்திப் பேசுவதில்லை. வாயசைத்தால் எதிரில் நிற்பவருக்குப் புரியும். தறிக்கார வீட்டில் பிறந்ததால் எனக்கும் உதட்டைப் படிக்க வரும். நான் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் யார் கிசுகிசுத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று பிள்ளைகள் பயந்தார்கள். ஆனால் உன்னை மட்டும் நான் படிக்கவில்லை. நான் சாப்பாடு கொண்டு வரும்போதெல்லாம் நீ தறிமுன் நின்று வாயசைத்துக்கொண்டிருப்பாய்.

“என்னாடா, கச்சேரியா?” என்பேன்.

“பழைய பாட்டுதான்க்கா. நீ போ, காது போய்டும்.”

பதினோரு வருஷம் உனக்குச் சரியான தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் ஒட்டுதலில்லை. ‘அவன் சுபாவமே அப்படி’ என்று தெரு சொன்னது, நானும் சொன்னேன். கடைசியில் மாத்திரை எழுதிய டாக்டர்தான், மாத்திரையோடு பேசவும் வேண்டும் என்று வேலூரில் கவுன்சலிங் செய்யும் ஒரு மேடத்திடம் அனுப்பினார்.

முதல் நாள் என்னையும் கூட உட்காரவைத்தாய். அரை மணி நேரம் பேசினாய். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மேடம் என்னைப் பார்த்தார். உன் குரல் வெளியே வரவேயில்லை.

நான் படித்தேன். ‘நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி.’ திரும்பத் திரும்ப அதே வரி, தறியில் நாடாக்கட்டை போய்ப் போய் வருவதுபோல. அதே அசைவைத் தூக்குச்சட்டியோடு எத்தனை மதியங்கள் பார்த்து நின்றிருக்கிறேன், பாட்டு என்று நினைத்து.

திரும்பும்போது பஸ்ஸில் கோபித்துக்கொண்டாய். “எல்லாத்தையும் கொட்டிட்டேன். அந்தம்மா ஒண்ணுமே பேசலியே?”

“சத்தமே வரலடா.”

“சும்மா பேஜார் பண்ணாதக்கா” என்றாய். அப்புறம் ஆரணி வரும்வரை உன் தொண்டையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

மூன்றாவது வாரம், நானும் கூட இருந்தபோது, அந்த வரி குரலோடு வந்தது. தடித்த, பழகாத குரல். யார் பேசியது என்று நீயே பின்னால் திரும்பிப் பார்த்தாய். அங்கே சுவர்தான் இருந்தது.

“இதுக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?” என்றார் மேடம்.

“பதில் சொல்லலாமா மேடம்? இத்தினி வருஷமா கேட்டுகினு மட்டும்தான் இருந்தேன்.”

மனக்கணக்கில் விழும் தப்பு, போட்ட பிள்ளைக்கே தெரியாது. கரும்பலகையில் எழுதச் சொன்னால் பாதியிலேயே நின்று, டஸ்டரைத் தேடும். வாரா வாரம் நீ அந்த அறையில் செய்தது அதைத்தான். எழுதினாய், அழித்தாய், மறுபடி எழுதினாய். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் இரண்டு மாதம் போக மாட்டேன் என்றாய். பிறகு மறுபடி போனாய்.

“அந்தக் குரல் முழுசா போவலக்கா. ஆனா இப்ப வாசல்ல நின்னுதான் பேசுது, உள்ள வர்றதில்ல” என்றாய் ஒருநாள்.

அதன்பின் ஆறு வருஷம் இருந்தாய். நெஞ்சுவலியில் போனபோது ‘அவனே தேடிகினான்’ என்று தெரு முணுமுணுத்தது. அன்று காலை நீ மூன்றாவது தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது எனக்குத் தெரியும்.

இன்று அந்தக் கறுப்புக் கண்ணாடியை உற்றுப் பார்த்தேன். படிக்கத் தெரிந்தவள்தானே. ‘அவனே போய்ட்டான். நீ எதுக்கு இன்னும்?’ எத்தனை நாளாகத் தறிச் சத்தத்துக்குள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ.

அதை வாய்விட்டுச் சொன்னேன். எனக்கும் அது யாரோ ஒருத்தியின் குரலாகத்தான் இருந்தது. பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் வந்து தறிகள் ஓடத் தொடங்கின. விடாமல் கத்திச் சொன்னேன்.

பக்கத்து வீட்டு மருமகள் ஓடிவந்தாள். “யாரு கூட டீச்சர் சண்ட போட்டுகினு இருக்கீங்க?”

“உள்ள ஒருத்தி வந்து உக்காந்துகினாம்மா. வாசலுக்கு அனுப்பிகினு இருக்கேன்” என்றேன்.

வியாழக்கிழமை வேலூர் போகிறேன். மேடத்திடம் போனில் சொல்லிவிட்டேன், குரலோடு.